சனிக்கிழமை அடைத்த தெரு

முத்தாலங்கோட்டையில் பண்டசாலைத் தெரு காணாமல் போனது ஒரு சனிக்கிழமை சாயங்காலம், அரிசி மண்டி குற்றாலிங்கத்தின் பாடை தெருமுனையைத் தாண்டிப் போய் ஒரு கால்மணி நேரம் ஆனபிறகு. காரணம் கேட்டால் ஊரில் ஆளுக்கொன்று சொல்வார்கள், பாடையில் கட்டிவிட்ட கோழி சின்னது என்பார்கள், கொட்டுக்காரன் நடுவழியில் அடியை மாற்றிவிட்டான் என்பார்கள், ஆற்றில் தண்ணீர் இல்லாத வருஷத்தில் பெரிய மனுஷன் சாகலாமா என்றுகூடக் கேட்பார்கள், ஆனால் முப்பிடாதியைக் கேட்டால் ஒளிவுமறைவு இல்லாமல் கையை நீட்டிக் காட்டிவிடுவாள், இந்தக் கட்டைவிரல்தான் என்று.

முப்பிடாதி யார் என்று சொல்லிவிடுகிறேன். ஷேர் ஆட்டோ ஓட்டுகிற ஆவுடையப்பனின் பெண்டாட்டி, ஏழாவது படிக்கிற பேச்சிக்குத் தாய், வீடு ஹவுசிங் போர்டில். திருநெல்வேலிக்குப் போய் மூன்று மாதம் டிஜிட்டல் மார்க்கெட்டிங் படித்துவிட்டு வந்து, தோளில் ஒரு பையும் கையில் ஒரு போனுமாகப் பண்டசாலைத் தெருவின் இருபத்திரண்டு கடைகளிலும் ஏறி இறங்கினாள். முதலில் சிரித்தார்கள். எங்க கடை எங்கருக்குன்னு ஊருக்கே தெரியும், போனுக்கு எதுக்கும்மா தெரியணும் என்றார்கள். பைபாஸில் கண்ணாடி வைத்த பெரிய கடை ஒன்று வந்து, ஆடி மாதத்தில் கூட்டமெல்லாம் அங்கே போய்க் குளிர்காற்று வாங்க ஆரம்பித்தபிறகு சிரிப்பு நின்றது. சரி, என்னமோ செய் தாயி என்றார்கள். அவளும் செய்தாள். ஒவ்வொரு கடையையும் போட்டோ எடுத்து, மேப்பில் புள்ளி வைத்து, திறக்கிற நேரம் அடைக்கிற நேரம் போட்டு, யாராவது ஒரு நட்சத்திரம் கொடுத்துத் திட்டினால் பணிவாகப் பதில் எழுதி, இருபத்திரண்டு கடைகளையும் ஒரே சாவிக்கொத்து மாதிரி தன் போனுக்குள் வைத்திருந்தாள்.

தன் தொழிலையும் அதே மேப்பில் பதிந்தாள். அப்போது போன் கேட்டது, வாடிக்கையாளர்கள் உங்கள் இடத்துக்கு வருவார்களா என்று. இல்லை, நான்தான் அவர்களைத் தேடிப் போவேன் என்று கொஞ்சம் பெருமையாகவே அழுத்தினாள். அப்படியானால் உங்களுக்குப் புள்ளி கிடையாது, முகவரி காட்டப்படாது என்றது போன். எனக்கென்ன கடையா கண்ணியா, புள்ளி எதுக்கு என்று விட்டுவிட்டாள்.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. தெருவில் யார் செத்தாலும், எந்தச் சாதி எந்த மதமானாலும், பாடை கடந்து போகிறவரை இருபத்திரண்டு ஷட்டரும் பாதி இறங்கி நிற்கும். குற்றாலிங்கம் சங்கத் தலைவரும்கூட என்பதால் அன்று முழு ஷட்டரும் இறங்கியது. ஆண்கள் எல்லாரும் பாடையோடு சுடுகாட்டுக்குப் போனார்கள். பெண்கள் வாசலில் தண்ணீர் தெளித்துவிட்டு மண்டிக்கு முன்னால் கூடி உட்கார்ந்தார்கள். ஆண்களில் மிஞ்சியது பூட்டுக்கடை சாகுல் பாய் ஒருவர்தான், முட்டு வலிக்காரர், தெருமுனைவரை நடந்து வழியனுப்பிவிட்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

துக்கத்துக்கு வந்து பெண்களோடு உட்கார்ந்திருந்த முப்பிடாதியை அவர்தான் கூப்பிட்டார். "எம்மா முப்பிடாதி, தெரு இன்னைக்கு அடைப்புன்னு போன்ல போட்டுரு. தூரந்தொலைவுலேருந்து வாரவன் வந்து ஏமாந்துட்டுப் போயிரக் கூடாது."

நல்ல யோசனைதான், கெட்ட யோசனை என்று யாரும் சொல்ல முடியாது. போன் இரண்டு வரிகளைக் காட்டியது. தற்காலிகமாக மூடப்பட்டது, நிரந்தரமாக மூடப்பட்டது. வளையல்கடை சொர்ணக்கிளி பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். அந்தத் தெருவில் அவள் எட்டிப் பார்க்காத காரியம் எது நடந்திருக்கிறது?

"தற்காலிகமா? என்ன பேச்சுட்டி இது" என்றாள். "சனிப்பொணம் தனிப்போகாதுன்னு கோழியக் கட்டி அனுப்பிட்டு வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கோம். நீ தற்காலிகம்னு போட்டா, ரெண்டு நாள்ல தொறப்போம், மறுபடியும் இன்னொண்ணுக்கு அடைப்போம்னு எமனுக்குத் தாக்கல் சொல்ற மாதிரில்லா இருக்கு. நிரந்தரம்னே போடு. சாவுக்கு அடைக்கிறது இதோட முடிஞ்சுதுன்னு இருக்கட்டும்."

"அக்கா, அதுக்கு அர்த்தம் அப்படி இல்ல."

"இழவு வீட்டுல நின்னுக்கிட்டு அர்த்தம் சொல்லாத."

சுற்றி இருந்த பெண்கள் எல்லாரும் ஆமாம் என்றார்கள். தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்த குற்றாலிங்கத்தின் பெண்டாட்டி, மண்டியம்மா பகவதியும் நிமிர்ந்து பார்த்து, போட்டுரு என்பதுபோலத் தலையசைத்தாள். முப்பிடாதிக்குத் தெரியும், இது தப்பு என்று. படித்தவள் அல்லவா. ஆனாலும் தாலி இழந்து உட்கார்ந்திருக்கிறவள் முன்னால் நின்று விளக்கவுரை சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. விடிந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். இருபத்திரண்டு கடைக்கும் இருபத்திரண்டு தடவை கட்டைவிரலை வைத்தாள். உடனே ஏற்றுக்கொண்டது, நன்றி என்றும் சொன்னது.

இரண்டு மணி நேரம் கழித்து ஆவுடையப்பன் போன் செய்தான்.

"ஏட்டி, எங்க இருக்க?"

"பண்டசாலைத் தெருவுலதான். நீங்க எங்க நிக்கீங்க?"

"நானும் பண்டசாலைத் தெரு முக்குலதான் நிக்கேன். முக்கு இருக்கு. தெருவக் காணும்."

சுடுகாட்டுக் கிணற்றடியில் குளித்து ஈரவேட்டியோடு திரும்பிய ஆண்களும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்கள். தெரு தொடங்குகிற இடத்தில் இடப்பக்கம் உரக்கடை, வலப்பக்கம் ஆட்டுக்கறிக்கடை, நடுவில் இருபத்தைந்தடி அகலத்துக்குத் தெரு. இப்போது உரக்கடைச் சுவரும் கறிக்கடைச் சுவரும் ஒட்டிக்கொண்டு, நடுவில் ஒரு பல்லிகூட நுழைய இடமில்லாமல் நின்றன. மறுமுனைக்குப் போய்ப் பார்த்தார்கள், அங்கேயும் அப்படியே. உள்ளே இருந்தவர்கள் வெளியே வரப் பார்த்தார்கள். கீழமுனைப் பிள்ளையாரைத் தாண்டிக் காலெடுத்து வைத்தால் மேலமுனை வழியாகத் தெருவுக்குள்ளேயே வந்து நின்றார்கள். சொர்ணக்கிளி மூன்று தடவை போய் மூன்று தடவை வந்தாள். நாலாவது தடவை வரும்போது ஒன்றும் பேசாமல் வந்து தன் கடை வாசலில் உட்கார்ந்துகொண்டாள். அவள் பேசாமல் இருந்ததைப் பார்த்துத்தான் மற்றவர்களுக்கு விஷயம் புரிந்தது.

மனுஷன் எதற்குத்தான் பழக மாட்டான். உள்ளே நாற்பத்து மூன்று பேர், அதில் குழந்தைகள் பதினொன்று. மண்டியில் அரிசி இருந்தது, பலசரக்கில் பருப்பு இருந்தது, அடிபம்பில் தண்ணீர் வந்தது, கரண்டு எந்த வழியாகவோ வந்துகொண்டுதான் இருந்தது. முதல் வாரம் அழுதார்கள். இரண்டாம் வாரம் காலை எட்டரைக்கு ஷட்டரைத் தூக்கி, சாணி தெளித்து, சாம்பிராணி காட்டிக் கடை திறந்தார்கள், திறக்காமல் வேறு என்ன செய்ய. போணி ஆகாத கடையில் மூதேவி உட்காருவாள் என்று பயந்து ஆளுக்கொரு முறை வைத்துக்கொண்டார்கள், இன்று பாத்திரக்கடைக்காரி போய் வளையல்கடையில் போணி பண்ணுவாள், நாளைக்கு வளையல்கடைக்காரி பாத்திரக்கடையில். அப்படியே ஒரு மாதத்தில் எல்லார் கையிலும் எல்லா நிறத்திலும் வளையல் ஏறி, எல்லார் வீட்டிலும் ஆளுக்கு நாலு இட்லிக் கொப்பரை சேர்ந்து, இனி வாங்க ஒன்றுமில்லை என்றானபோது, வாங்கியதையே திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்து மறுபடி வாங்கினார்கள். டாக்டர் நடக்கச் சொன்னதாகச் சாகுல் பாய் கீழமுனையில் வெளியேறி மேலமுனையில் நுழைந்து தினமும் பத்துச் சுற்று நடந்தார், திரும்புகிற சிரமம் இல்லை, முட்டுக்கு நல்லது என்றார்.

வெளியேயும் பழகிக்கொண்டார்கள். உரக்கடைக்காரரும் கறிக்கடைக்காரரும் ஒட்டிய சுவர் யாருடையது என்று வழக்குப் போட்டார்கள். ஆண்கள் கல்யாண மண்டபத்தில் தங்கி, பெண்டாட்டி பிள்ளைகளோடு போனில் பேசி, வெண்டைக்காயை வதக்கிவிட்டுத் தண்ணீர் ஊற்றவா, ஊற்றிவிட்டு வதக்கவா என்று கேட்டுக்கேட்டுச் சமைக்கப் படித்தார்கள். குற்றாலிங்கத்தின் பதினாறாம் நாள் காரியத்தை மகன்கள் ஆற்றங்கரையில் செய்ய, மண்டியம்மா உள்ளேயிருந்து வீடியோவில் பார்த்தாள். மனுக் கொடுக்கப் போனவர்களிடம், இல்லாத தெருவுக்கு எந்த வார்டில் பதிவது என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். நாலு மாதத்தில் மினிபஸ் கண்டக்டர், பண்டசாலை முக்கு எறங்கு என்று கத்துவதை விட்டுவிட்டு உரக்கடை எறங்கு என்று கத்த ஆரம்பித்தான். ஊர் அவ்வளவுதான்.

முப்பிடாதியை யாரும் ஒரு வார்த்தை வையவில்லை. அதுதான் அவளைக் கொன்றது. சொர்ணக்கிளி தன் மாடியில் பாய் விரித்துக் கொடுத்தாள், மண்டியம்மா மூன்று வேளையும் சோறு போட்டாள். காலையில் அவள் பிள்ளையார் பக்கம் போனாலே ஷட்டருக்கு ஷட்டர் கேட்பார்கள்.

"வந்துச்சாம்மா?"

"பரிசீலனைல இருக்கு."

மறுநாள் விடியற்காலையிலேயே அவள் திறந்திருக்கிறது என்று மாற்றிப் போட்டுவிட்டாள்தான். அடைத்தது என்று சொன்னால் ஒரு நொடியில் நம்பின போன், திறந்திருக்கிறது என்று சொன்னால் நம்ப மாட்டேன் என்றது. சமீபத்தில் இந்த இடத்துக்கு நேரில் போய் வந்த ஒருவர் உறுதி செய்ய வேண்டும் என்றது. போய் வரத்தான் வழியில்லையே, அதற்குத்தானே இந்தப் பாடு என்று எழுதினாள். தங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. ராத்திரி பேச்சி போனில் வந்து, இன்று ரசத்தில் அப்பா புளியே போடவில்லை என்று கோள் சொல்லும்போது, நாளைக்கு வந்து நான் வைக்கிறேன் என்பாள். எத்தனை நாளைக்குத்தான் நாளைக்கு என்று சொல்வது, ஒருநாள் அவளாகவே சொல்வதை நிறுத்திக்கொண்டாள்.

ஆறாவது மாதம் சாகுல் பாயின் மகன் இதயத்துல்லா வெளியேயிருந்து பேசினான். சும்மா உட்கார்ந்து சாப்பிட்டது போதும், பைபாஸ் ஓரத்தில் ஒரு இடம் பிடித்திருக்கிறேன், பூட்டுக்கடையை அங்கே புதிதாகப் போடப்போகிறேன், மேப்பில் முகவரியை மட்டும் மாற்றிக் கொடுங்கள் அக்கா என்றான். முப்பிடாதி பாயிடம் கேட்டாள். அவர் கையில் டீ கிளாஸோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"மாத்திரும்மா. அவனாச்சும் பொழைக்கட்டும்" என்றார்.

இந்தக் கடை இடம் மாறிவிட்டது என்று அழுத்தினாள். இரண்டு நிமிடத்தில் ஏற்றுக்கொண்டது. நிமிர்ந்து பார்த்தால் பூட்டுக்கடையைக் காணோம். கடையில்லை, மாடியில்லை, மாடியில் துணி காயப்போட்ட மருமகளில்லை, நாற்காலியில்லை, பாயுமில்லை. டீக்கடைக் கிளாஸ் மட்டும் தரையில் ஆவி பறக்க இருந்தது, அது அவர் கடைச் சாமான் இல்லையே. பூட்டுக்கடைக்கு இந்தப்பக்கம் இருந்த வளையல்கடையும் அந்தப்பக்கம் இருந்த பாத்திரக்கடையும் அண்டைவீடு மாதிரி ஒட்டி நின்றன. போன் அடித்தது.

"எம்மா, நான் பைபாஸ்ல இருக்கேன்" என்றார் பாய். "மகன் எம்மேல விழுந்து அழுதுக்கிட்டு இருக்கான். என் டீ அங்கயே இருக்கா?"

தெரு அன்று சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அப்படி ஒரு சிரிப்பை அது தீபாவளிக்குக்கூடச் சிரித்ததில்லை. வெளியே இருந்த ஆண்கள் ஓடி ஓடி பைபாஸில் இடம் பிடித்தார்கள், கிடைத்ததைக் கிடைத்த விலைக்கு. நாளுக்கு ஒன்று, இரண்டு என்று முப்பிடாதி கடைகளை அனுப்பிவைத்தாள். பலசரக்கு போனது, பாத்திரக்கடை போனது, டீக்கடை போனது. ஒவ்வொன்று போகப் போகத் தெரு அந்த அளவு சுருங்கியது. போகிறவர்கள் எல்லாரும் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நீ நல்லா இருக்கணும் தாயி என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். பாத்திரக்கடைக்காரியும் டீக்கடைக்காரியும் போகும்போது அவளும் கூடப் போய்க் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். இரண்டு தடவையும் கடை போனது, அவள் வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தாள்.

ஏன் என்று அவளுக்குத் தெரியும். போனில் பதிந்த கடை போகும், கடையைச் சேர்ந்தவர்கள் போவார்கள். அவள் எந்தக் கடையைச் சேர்ந்தவள்? இருபத்திரண்டு கடைக்கும் வேலை பார்த்தவளுக்கு ஒரு கடையிலும் இடமில்லை. அவளுக்கென்று ஒரு புள்ளியுமில்லை, புள்ளி இருந்தால்தானே அதை நகர்த்த முடியும். ஆவுடையப்பன் ஹவுசிங் போர்டு வீட்டு வாசலில் அவள் பேரில் ஒரு போர்டு எழுதி மாட்டிப் பதியப் பார்த்தான். உரிமையாளர் அந்த வாசலில் நேரில் நின்று முகம் தெரிய வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும் என்று கேட்டது. அவளோ தெருவில் பிள்ளையார் முன்னால் அதே மாதிரி ஒரு போர்டு எழுதி வைத்து, நின்று, முகம் தெரிய வீடியோ எடுத்து அனுப்பினாள். நிரந்தரமாக மூடப்பட்ட தெருவில் புதிய கடையைச் சேர்க்க இயலாது என்றது.

கடைசியில் மிஞ்சியது வளையல்கடையும் மண்டியும். மண்டியம்மா போகிற அன்று காலையில் இரண்டு மூடை அரிசியைக் கொண்டுவந்து பிள்ளையார் காலடியில் வைத்து, இது இனிமே மண்டி அரிசி இல்ல, ஒன் அரிசி, என்று இரண்டு தடவை சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனாள். அரிசி தங்கியது.

சொர்ணக்கிளி போக மாட்டேன் என்றாள். "நான் சொன்ன சொல்லுதானேட்டி. எம் வாயிதானே. ஒன்ன இங்க விட்டுட்டு நான் எந்த மூஞ்சியோட போவேன்."

"ஒம் வீட்டுக்காரருக்குச் சக்கரை முந்நூத்தம்பதுல நிக்குதாம். நீ போய் ரெண்டு தோசை சுட்டுக் குடுக்கா."

"நீயும் எங் கையப் பிடிச்சுக்கோ. விடாதே. என்ன ஆனாலும் விடாதே."

வளையல் நிறைந்த அந்தக் கையை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வலது கட்டைவிரலை வைத்தாள். இரண்டு நிமிடம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே நின்றார்கள். பிறகு கையில் கை இல்லை. விட்டுவிட்டேனே விட்டுவிட்டேனே என்று போனில் சொர்ணக்கிளி அலறினாள். நீ விடலக்கா, நானும் விடல என்றாள் முப்பிடாதி.

பைபாஸில் அந்த இருபத்திரண்டு கடைகளும் வரிசையாக இருக்கின்றன. நூறில் போகிற வண்டிகள் நூறில் போய்க்கொண்டே இருக்கின்றன, கண்ணாடிக் கடையைத் தவிர வேறெங்கும் ஒருவரும் இறங்குவதில்லை. நடந்து வர ஊரிலிருந்து நாலு மைல். வளையல் வாங்க யார் நாலு மைல் நடப்பார்கள்? முதல் மாதம் தினமும் கூப்பிட்டு, உனக்கு ஒரு வழி பண்ணாமல் விடமாட்டோம் என்றார்கள். பிறகு, எம்மா, கூட்டமே இல்ல, ஒரு போஸ்ட் போட்டு விடேன் என்றார்கள். அவளும் போட்டாள். பிள்ளையாருக்குச் சீரியல் லைட் போட வைத்திருந்த பிளக்கில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு, சலுகை என்றும் புதுவரவு என்றும் எழுதிப் போட்டுக்கொண்டேதான் இருக்கிறாள். ஐயாயிரம் பேர் பார்த்தார்கள் என்று வரும். அதையும் படம் எடுத்து அவர்களுக்கு அனுப்புவாள். நன்றி தாயி என்று பதில் வரும். சொர்ணக்கிளி மட்டும் அவளோடு பேசுவதில்லை, போன் அடித்தால் அழுகை வருகிறதாம்.

தெரு இப்போது எட்டடி. ஒரு பிள்ளையார், ஒரு அடிபம்பு, அரிசி, ஒரு முப்பிடாதி. கீழமுனைப் பக்கம் இரண்டு எட்டு வைத்தால் மேலமுனை வழியாக வந்து நிற்கிறாள்.

நேற்று மத்தியானம் ஆவுடையப்பன் போன் செய்தான். இந்த ஊரில் எனக்குத் தெரியாத சந்து கிடையாது என்று இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்.

"ஏட்டி, ஒரு தடவ லொகேஷன் அனுப்பு. எனக்கு என்னமோ தோணுது."

அனுப்பினாள். கொஞ்ச நேரம் ஆட்டோ இரைச்சல் கேட்டது, பிறகு நின்றது.

"நீ காட்டுற நீல வட்டத்துக்கு மேலயே கொண்டாந்து வண்டிய நிறுத்திட்டேன்" என்றான். "உரக்கடைச் சுவர் ஓரமா. பேச்சியும் இருக்கா. பொறத்தால ஒனக்கு இடம் விட்டு ஒதுங்கி உக்காந்திருக்கா."

"ஹாரன் அடிங்க."

அடித்தான். போன் வைத்திருந்த காதில் கேட்டது. மறு காதில் ஒன்றுமில்லை.

"கேக்குதா?"

"போன்ல கேக்குது."

அவன் மறுபடி அடித்தான், நீளமாக. பேச்சி அம்மா அம்மா என்று கூப்பிட்டாள், அதுவும் போனில்தான். முப்பிடாதி தான் நிற்கிற இடத்தைக் குனிந்து பார்த்தாள். பிறகு சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அடிபம்பு ஓரமாக இரண்டடி நகர்ந்தாள்.

"என்னட்டி செய்ற, சத்தத்தக் காணும்?"

"வண்டி நிக்க இடம் வேணும்லா" என்றாள். "ஒதுங்கி நிக்கேன்."